மூடிய கல்லூரியிலிருந்து வந்தவள்

"மூடின காலேஜ்ல இருந்து வந்தவளுக்கு சர்ஜரி கேக்குதா?" என்றாள் உடன் படித்த ஒருத்தி. நான் முதலில் சேர்ந்த மருத்துவக் கல்லூரி அங்கீகாரம் இழந்து மூடப்பட்டதால், இரண்டாம் ஆண்டில் எங்களைப் பெங்களூரில் வேறொரு கல்லூரிக்கு மாற்றியிருந்தார்கள். அதே ஊரின் பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். எம்.பி.பி.எஸ். முடித்து எழுதிய நுழைவுத் தேர்வில், அறுவை சிகிச்சை மேற்படிப்பு கிடைக்கும் அளவுக்கு ரேங்க் வாங்கினேன்.

சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகாரி, "முதல் வருஷம் படிச்சதுக்கு சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார். புதிய கல்லூரி தந்ததே எல்லா ஆண்டுக்கும் போதும் என்று நம்பியிருந்தேன்.

"அந்தக் காலேஜே இல்லையே சார், பூட்டுகிட்டயா போய் கேக்கறது?" என்றார் உடன் வந்திருந்த அப்பா.

"யுனிவர்சிட்டில கேட்டா கொடுப்பாங்க. ஆனா டைம் இன்னையோட முடியுது."

எனக்கு வரவேண்டிய இடம் அடுத்த ரேங்க்காரருக்குப் போனது. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "அடுத்த வருஷம் வேற ஏதாச்சும் எடுத்துக்கறியா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா, சர்ஜரிதான்."



கல்லூரி மாறுகிறவர்கள் பழைய இடத்துச் சான்றிதழை மாறும்போதே வாங்கிவிடுங்கள். இப்போது நான் எதையும் நானாக ஊகிப்பதில்லை, நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் என் சான்றிதழை வாங்கிவிட்டேன். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தபடி, மறுபடியும் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.