ஒரு தொடையில் இரண்டு துவக்குகள்

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒருநாள் காலை, பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து ஐம்பது தாண்டிய தோட்டக்காரர் ஒருவரை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முள்ளுக்கம்பி வேலியில் விழுந்து தொடை கிழிந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டியிருந்த துணியையும் மீறி இரத்தம் ஊறியிருந்தது.

படம் திரையில் விழுந்தது. தொடை முழுக்க இரும்பு சிதறிக் கிடந்தது. ஆணித் தலைகள், வெட்டிய கம்பித் துண்டுகள், சைக்கிள் சக்கரத்தின் அச்சுக்குள் இருக்கும் சின்ன இரும்பு உருண்டைகள். அவற்றுக்கு மேலே, எலும்போடு ஒட்டி, கூர் மழுங்காத ஒற்றைத் துப்பாக்கிச் சன்னம்.

நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"மேலை கிடக்கிறது சண்டைக் காலத்துச் சன்னம், மிஸ். எடுத்தால் நரம்பு போயிடும் எண்டு டொக்டர்மார் விட்டவை. அது கொம்பனி மெசினிலை செய்த சன்னம். இத்தினை வருசமா ஒரு கரைச்சலும் தரேல்லை."

"அப்ப கீழை கிடக்கிறது?"

தன் மச்சான் வீட்டில் வைத்துத் தானே செய்த துவக்கு, நாட்டுத் துப்பாக்கி, என்றார். தோட்டத்தில் அதைச் சுட்டுப் பார்த்தபோது இவர் பக்கத்தில் நின்றாராம்.

"அது எங்கை பாயும் எண்டு செய்தவனுக்கே தெரியாது, மிஸ்."

யாருக்கும் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். கையை விட்டுவிட்டார்.

அவரைக் கூட்டிவந்த அந்த மச்சான் வெளியே, ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். மினுக்கி மடிப்புக் குலையாத சேர்ட், சுத்தமான நகங்கள். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்தார். காலை எடுக்கவேண்டி வருமா என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன்.

"எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கு, மிஸ்?"

டொக்டரைக் கேளுங்கள் என்றேன். துண்டுகள் பரந்து கிடக்கின்றனவா, ஒரே இடத்திலா என்று அடுத்ததாகக் கேட்டார். குரலில் பயமே இல்லை. செய்த வேலை எப்படி வந்திருக்கிறது என்று விசாரிப்பவரைப் போலிருந்தது. பொலிசுக்கு அறிவிக்கப்போகிறோம் என்றேன்.

"அறிவியுங்கோ. கொம்பனித் துவக்கெண்டால் நம்பர் இருக்கும், ஆரின்ரை எண்டு பிடிக்கலாம். இதுக்கு என்ன இருக்கு?"

பொலிஸ் வந்தபோது வாங்கில் ஆளில்லை. தோட்டக்காரர் சொன்னதை நான் சொன்னேன்; அவரோ முள்ளுக்கம்பிதான் என்று சாதித்தார். எடுக்க முடிந்த துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாரி தொடங்கியதும் கொழும்புத்துறையிலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். சுட்டவனைத் தெரியாது என்றார் கூட வந்த மனைவி. நெஞ்சைப் படம் எடுத்தேன். அதே ஆணித் தலைகள், அதே உருண்டைகள். ஆனால் இந்தமுறை ஒன்றும் சிதறவில்லை. ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும்படி, ஆழத்தில், நெருக்கமாகக் கிடந்தன.

அவர் பின்னேரமே இறந்துபோனார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொலிசுக்குக் காட்டி, மச்சான் அன்று கேட்ட இரண்டு கேள்விகளையும் சொன்னேன். அவர்கள் போனபோது மச்சானின் வீடு பூட்டிக் கிடந்ததாம். துவக்கு இன்னும் அகப்படவில்லை.