எஃப் நோட்டில் நிறுத்திய சோலோ

மாத்தளைப் பக்கம் முப்பது வருடம் இசைக்குழுக்களில் லீட் கிட்டார் வாசித்தவன் நான். இப்போது கிட்டார் பிடிக்கிற பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு வந்து பிரிஜியன் டாமினன்ட் என்கிற ஸ்கேலை, அந்தச் சுர வரிசையைக் கேட்கிறார்கள். ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி. ஐந்து நிமிட வேலை. நான் அதை மேடையில் பாதியில் விட்ட கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மன் திருவிழா. பகல் அன்னதானம் முடிந்ததும் எங்கள் நிகழ்ச்சி. மேடை ஏறும்போதே உடுக்கு அடிக்கும் பூசாரி சொன்னார்: "தம்பி, சாமி வந்தா பாட்டைப் பாதியில விட்றாதீங்க. ஏத்துனவங்கதான் எறக்கணும்."

"சரிங்கய்யா" என்றேன். கேட்டால்தானே!

முன்வரிசையில் என் மனைவி சரோஜா. மெல்லிய குரல்காரி, கீச்சுக்குருவி என்று கேலி செய்வேன்.

அந்த ஸ்கேலில் பாட்டு வந்து முடிகிற நோட்டு ஈ; அதற்கு அரைப்படி மேலே எஃப். அதில் நின்றால், தூக்கிய காலைப் படியில் வைக்காத மாதிரி இருக்கும். கைதட்டு வாங்க அங்கேயே வெட்டி நிறுத்துவது என் வித்தை. கிட்டார் கழுத்தில் பதின்மூன்றாம் கட்டையான ஃப்ரெட்டில் எஃப்பை அடித்து நிறுத்திக் கையைத் தூக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. ஒரு நாளும் சாமி ஆடாத சரோஜா ஒற்றைக்காலைத் தூக்கியபடி நின்றாள். கண் இமைக்கவில்லை. மூடிய வாயிலிருந்து அந்த எஃப் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பூசாரி உடுக்கை அடித்தார், திருநீறு பூசினார். அவள் அசையவில்லை. உதடு நீலம் பாரித்தது.

"எறக்குங்க தம்பி! புள்ள மூச்சு வாங்கல!"

ஈக்கு இறங்க பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினேன், தந்தி அறுந்தது. பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட அடித்தந்தியை அடித்தேன். அதுவும் ஈதான். ஆனால் மூன்று ஒக்டேவ், மூன்று ஸ்தாயி கீழே.

அவள் கால் மண்ணில் இறங்கியது. என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க, பாட்டு முடிஞ்சிருச்சா?"

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆம்பிளை கேட்பது போலிருந்தது.

தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பூசாரியிடம் போய் அழுதேன். "எறங்கிட்டாங்க தம்பி. நீங்கதான் ரொம்பக் கீழ எறக்கிட்டீங்க" என்றார்.

எந்த ஸ்கேலையும் வாசியுங்கள். எங்கே போய் முடிக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு முதல் நோட்டைத் தொடுங்கள்.

சரோஜா அந்தக் குரலோடுதான் இருக்கிறாள். குசினியிலிருந்து சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம், சுவரில் மாட்டிய கிட்டாரின் அடித்தந்தி தானாக அதிர்கிறது. அந்தத் தந்தியைக் கழற்ற எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.