பத்து நிமிடக் கோப்புகள்

வானிலை கணிக்கும் வேலை என்றால் வானத்தைப் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை. தன்னாமுனையில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கும் பெரிய கணினிகளின் சேமிப்பகத்தைக் கவனிக்கிறேன். நாளைய மழையை அவை மளமளவென்று கணக்குப் போட்டுவிடும். போட்டதை எழுதிவைக்கத்தான் திணறும். எழுத முடியாவிட்டால் கணக்கும் நின்றுவிடும். அது நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

அண்ணன் உன்னிச்சையில் வயல் செய்கிறான். போன போகத்தில் அவனுக்காக ஒரு காரியம் செய்தேன். அவன் வயல் இருக்கிற வட்டையை, அந்த வெளி முழுவதையும், சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மழை விபரத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தனிக் கோப்பாக எழுதும்படி கணினிக்குச் சொல்லிவைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இத்துணூண்டு கோப்பு, யாருக்கு என்ன நட்டம்? பழையவற்றை அழிக்கவும் மனம் வரவில்லை. அண்ணன் எப்போதாவது கேட்பான் என்று ஒரு நினைப்பு.

அறுவடை நாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் அழைத்தான்.

“புள்ள, வெட்டு மெசின் வரம்படிக்கு வந்திட்டு. வானம் கறுத்திருக்கு. வெட்டவா, விடவா? வெட்டின நெல்லு நனைஞ்சா முளைச்சிரும்கா.”

“கொஞ்சம் பொறு அண்ணன், பாத்துச் சொல்றன்.”

பார்த்தால், அன்றைய கணிப்பே வந்திருக்கவில்லை. பாதியில் நின்றிருந்தது. சேமிப்பகத்தில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒரு புதிய கோப்பைக்கூட ஏற்கமாட்டேன் என்றது. என்ன சனியன் இது என்று கணினியைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் புரிந்தது. எவ்வளவு இடம் என்பதற்கு மட்டுமல்ல, எத்தனை கோப்பு என்பதற்கும் அங்கே ஓர் எல்லை உண்டு. அந்த எண்ணிக்கையை நிரப்பியிருந்தவை என்னுடைய கோப்புகள். அத்தனையும் அண்ணனின் வட்டை.

அழிக்கத் தொடங்கினேன். சின்னக் கோப்புகளை அழிப்பது பெரிய தொல்லை, ஒவ்வொன்றாகத்தான் போகும். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், ஆறிய தேத்தண்ணியைக் குடித்தேன். அண்ணன் மறுபடி அழைத்தான்.

“மெசின்காரன் நிக்கிறானில்லகா. அடுத்த வயல்காரர் கூப்பிடுறாங்க.”

“இன்னும் கொஞ்சம் பொறு அண்ணன்.”

“ஓம், நீ சொன்னாச் சரி. அனுப்பிடுறன். மறுகா வரட்டும்.”

ஒன்பது மணிக்குக் கணிப்பு வந்தது. மத்தியானம் வரை ஒரு துளியும் இல்லை. இரண்டு மணிக்குப் பிறகு அடைமழை. காலையிலேயே வெட்டியிருந்தால் நெல்லை நனையாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அண்ணனிடம் சொன்னேன். அவன் மெசினைத் தேடி ஓடினான். அது வேறொருவரின் வயலில் பாதி வெட்டிக்கொண்டு நின்றது. நடுவில் விட்டுவிட்டு யார் வருவார்கள்?

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. கணிப்பு அவ்வளவு துல்லியம்!

பொழுதுபட அண்ணன் அழைத்தான். பின்னால் தவளைச் சத்தம்.

“வேளாண்மை முழுக்கப் படுத்திட்டு புள்ள. கதிரெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு.” தண்ணிக்குள் அவன் நடக்கிற சத்தம் கேட்டது. “அது கிடக்கட்டும். உன்ட கம்பியூட்டர் சரிவந்திட்டா? பாவம், விடியக்காலையில இருந்து அதோட மாரடிச்சிருப்பாய். சாப்பிட்டியாகா?”

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.