ரெனானில் ஒரு வீடும் அடங்காத ஒரு கிணறும்

எண்ணெயோ, எரிவாயுவோ, வெந்நீரோ, எதற்காக நிலத்தைத் துளைத்தாலும் எங்கள் தொழில் ஒன்றுதான்: உள்ளே இருப்பது நாங்கள் கூப்பிடும்வரை வெளியே வராமல் பார்த்துக்கொள்வது. பாரமான சேற்றுக் கலவை ஒன்றைக் கிணற்றில் நிரப்பி, அந்தப் பாரத்தாலேயே அடக்கி வைத்திருப்போம். ‘மட்’ என்று அதற்குப் பெயர். தொட்டியில் மட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை.

பன்னிரண்டு மணித்தியாலம் ஷிப்டில் நின்றுவிட்டுப் பெண்சாதியைப் போன் திரையில் மட்டும் காணும் என் இனத்தவரே, உங்களுக்கு இது விளங்கும். கட்டாரில் எண்ணெய்க் கிணறுகளோடு ஏழு வருடம் கிடந்துவிட்டு, மாலதியைக் கட்டிக்கொண்டு சுவிசுக்கு வந்தவன் நான். அவளுக்குத் துன் நகரில் ஒரு ஹோட்டல் லொன்ரியில் துணி கழுவித் தேய்க்கும் வேலை. எனக்கு வேலை கிடைத்ததோ லொசானுக்குப் பக்கத்தில், வீடுகளைச் சூடாக்க நிலத்தடி வெந்நீர் தேடித் துளைபோடும் ரிக்கில். ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் எனக்கு லீவு ஞாயிறு, அவளுக்குச் செவ்வாய். கட்டாரில் இருந்தால் இடையில் கடல் இருக்கிறது என்று மனதுக்குச் சாட்டுச் சொல்லலாம். இங்கே அதுவும் இல்லை. ரிக்குக்குக் கிட்ட, ரெனானில் ஒரு வீடு எடுத்துவிட்டால் லொசானில் வேலை தேடிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வீடு பார்க்கப் போவது என் பொறுப்பு.

வாங்கியதைத் திருப்பித் தந்த கிணறு

முதல் வீட்டைக் காட்ட ஒரு வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு நேரம் தந்திருந்தார்கள். துளைப்பை நடத்தும் எங்கள் டிரில்லர் ஊலி, பேர்ண் மலைப்பக்கத்து மனிதர், ஒரு மணித்தியாலம் போய்வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டுக்கு, மட்டைக் கிணற்றுக்குள் சுற்றவிடும் பம்பை நிறுத்தினோம். பம்ப் நின்றால் கிணற்றிலிருந்து மட் வருவதும் நிற்கவேண்டும். நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. கீழே ஏதோ தள்ளுகிறது என்று ஊலி கிணற்றின் வாயை மூடினார். வாய் மூடிய கிணற்றை விட்டு ஒருவரும் அசையக்கூடாது. அது ரிக்கின் சட்டம்.

கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்து, வருவதை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னையதை விடக் குறைவு. எனக்குப் பிடிபட்டுவிட்டது. பம்ப் ஓடும்போது பாறை வெடிப்புகள் மட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நின்றதும் திருப்பித் தருகின்றன. இதை வாயு என்று எண்ணி மட்டை இன்னும் பாரமாக்கினால் வெடிப்பு இன்னும் பெரிதாகும். பொறுமையைத் தவிர வேறு மருந்தில்லை. மூன்று மணித்தியாலம் பொறுத்தோம். பொறி பறக்கக்கூடாது என்று எங்கள் போன்கள் கேற்றடிப் பெட்டியில்தான் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் மாலதியின் பதினொரு அழைப்பு. நான் பாறை வெடிப்பின் அதிசயத்தை ஆர்வத்தோடு விளக்கி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “நான் வீட்டைப் பாத்தனீங்களோ எண்டுதான் கேட்டனான். கிணத்தைப் பற்றிக் கேக்கேல்லை.”

நானே உண்டாக்கிய ஆபத்து

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தடித்துப்போன மட்டை இளக்க, தொட்டிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, முதல் வீடு கைவிட்டுப்போக, மறுநாள் காட்டவிருந்த இரண்டாவது வீட்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மாலதியின் வதிவிடப் பெர்மிற் கொப்பியை வைத்தேனா என்ற யோசனை வந்தது. யோசனை அவளிடம் போனது. அவள் கை எப்போதும் இஸ்திரிச் சூட்டோடு இருக்கும். அதை நினைத்தபடி நிமிர்ந்து பார்த்தால் தொட்டியில் மட்டம் விறுவிறுவென்று ஏறுகிறது! “கிணறு தள்ளுது!” என்று கத்தினேன். மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். கிணறு மூடப்பட்டது.

அழுத்தமானியில் முள் அசையவேயில்லை. ஊலி தொட்டியைச் சுற்றி நடந்துபோய், என் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தோளில் கைபோட்டுச் சொன்னார்: “கிணறு சுகமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு நீ வேலைக்கு வராதே, போய் அந்த வீட்டைப் பார்.”

கழுவும் நாள்

மூன்றாம் மாடி, இரண்டு அறை, சமையலறை ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம். படிக்கட்டெல்லாம் ஆட்கள். பதினைந்து நிமிடம்தான் தருவார்கள். எல்லோரும் சுவரைத் தட்டுவதும் வாடகை விசாரிப்பதுமாக நின்றார்கள். நான் மாலதியை வீடியோவில் எடுத்து, அறை அறையாகக் காட்டினேன். கடைசியாகப் படுக்கையறையைக் காட்டினேன். வெறும் அறைதான், ஒரு கட்டில்கூட இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு தொழில்காரியாகிவிட்டாள். கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி கழுவும் இயந்திரம் எங்களுக்கு எந்த நாள் வரும், கழுவி முடிய அறையைத் துடைத்துவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்கச் சொன்னாள். வீடு காட்டவந்த பெண்மணியிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் கையிலிருந்த தாளை இறக்கி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “இத்தனை வருடத்தில் கழுவும் அறையைத் துடைப்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. உங்கள் மனைவி எப்போது வருவார்?”

குறைவாகக் குடித்த கிணறு

வீடு எங்களுக்கே கிடைத்தது. மாலதி துனில் வேலையையும் அறையையும் விட்டுவிட்டு, பெட்டிகளோடு ரெனானுக்கு வந்த நாள் அது. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிய நான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். பிற்பகலில் துளைக்குழாய்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு குழாய் வெளியே வருகிறதோ, அவ்வளவு இடத்துக்குக் கிணறு மட்டைக் குடிக்கவேண்டும். குடித்தது பாதிதான். மீதி இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒருதரம் பொய்யாகக் கத்தியவன் நான். இன்னொருதரம் கத்தினால் சிரிப்பார்கள். கத்தாவிட்டால் ஆறு மணிக்கு மாலதியைப் பார்க்கலாம். இரண்டும் மனதில் ஓடின, பொய் சொல்லமாட்டேன். கையை உயர்த்தினேன். ஊலி ஒரு கேள்வியும் கேட்காமல் கிணற்றை மூடினார். முள் இந்தமுறை ஏறியது. வெந்நீர்க் கிணற்றில் எரிவாயு! குழாயை மெல்ல மெல்லத் திரும்ப இறக்கி, வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே எடுத்து எரித்து முடிக்க இரண்டு நாள் ஆகியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஊலி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இன்றைக்கு நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போவது உன்னால்.”

இரண்டு தட்டு

மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினேன். மேசை இன்னும் வாங்கவில்லை. கவிழ்த்த பெட்டியின்மேல் இரண்டு தட்டு வைத்திருந்தாள். அவளுக்குக் கிட்ட நிலத்தில் குந்தியிருந்து சாப்பிட்டேன். தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. இந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன்.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சொன்னேன். வாயு இருப்பதால் கிணற்றைச் சீமெந்து போட்டு மூடப்போகிறார்கள். ரிக்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கே என்று கேட்டாள். துனுக்குப் பக்கத்தில் என்றேன். லொசானில் புது வேலைக்கு நேற்றுத்தான் கையெழுத்து வைத்தவள், இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டுபோய், தண்ணீரைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்: “என்ர பழைய அறை இன்னும் காலியாத்தான் கிடக்குதாம். உங்களுக்குக் கேக்கட்டோ?”

பூமிக்குள் இருக்கும் வாயுவைக் கதவைச் சாத்தி உள்ளே வைக்கத் தெரிந்தவன் என்று என்னிடம் சான்றிதழே இருக்கிறது, பெண்சாதியோடு ஒரு கதவுக்குள் இருக்கத்தான் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.