சுருக்கக் கூடாத பெயர்

பேக்கரியின் பின்னறையில், அடுப்பின் வெக்கை எட்டாத மூலையில் அவள் மேசை இருந்தது. சுற்றும் இரும்புத் தட்டு ஒன்று, பட்டர் பேப்பரைச் சுருட்டிச் செய்த கோன்கள் ஒரு டம்ளரில், கை துடைக்க ஓர் ஈரத்துணி. இவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம். கேக்கைச் சுடுவது மாஸ்டர். கிரீம் பூசி, ஓரத்தில் பூ வைப்பதும் அவரே. எல்லாம் முடிந்து கடைசியாக அவள் கைக்கு வரும். அவள் பெயர் எழுதுவாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் பிறந்தநாள் கண்டவர்களில் பாதிப்பேர் அவள் கையெழுத்தைத் தின்றிருப்பார்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சீட்டுகள் இடம் மாறிப் போய், பிறந்து ஒரு மாதமான குழந்தையின் கேக்கில் பணி ஓய்வு வாழ்த்தும், ஓய்வு பெறும் பெரியவர் ஒருவரின் பெயரும் ஏறிவிட்டன. குழந்தையின் அப்பா நல்ல மனிதர், சிரித்துவிட்டார். திட்டு விழுந்தது முதலாளியிடம். அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கவுன்ட்டர் வரைக்கும் வந்து நிற்பாள். “பேரைச் சொல்லுங்க” என்பாள். சொன்னதும், “இன்னொரு தடவை” என்பாள். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு உள்ளே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோனைத் தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதிவிடுவாள்.

ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்லும் விதத்தில் பாதிக் குடும்பம் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. பெண்டாட்டியின் பெயரைக் கடன்காரனின் பெயர்போலச் சொல்லும் ஆட்கள் உண்டு. மருமகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும் மாமியார்கள் உண்டு. மகளின் பெயரைச் சொல்லும்போது தன்னையறியாமல் தலையைச் சாய்க்கும் லாரிக்காரர் ஒருவர் வருஷம் தவறாமல் வந்தார். அவர் வந்துபோன நாட்களில் அவள் கூடுதலாக ஒரு பூ வைத்துக் கொடுப்பாள். அதற்கு மாஸ்டர் முணுமுணுப்பார்.

அவள் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அக்கா. அவளைவிட மூத்த மாஸ்டருக்கும் அக்காதான்.

வீட்டில் அவளுக்குப் புதுசு என்று பெயர். வைத்த பெயர் அதுவல்ல. வைத்த பெயருக்கு ஒரு கதை உண்டு.

அவளுடைய அப்பா தையல்காரர். வேலை மாற்றலாகி எங்கோ தொலைவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அவரிடம் துணி தைக்கக் கொடுப்பாள். ஒருநாள் அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் தன் மாமியாரின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு அதன் ஓசை பிடித்துப்போயிற்று. அர்த்தம் கேட்டார். நெடுநாள் வாழ்பவள் என்று அர்த்தமாம். அந்த அம்மாளின் ஊர்ப் பக்கத்தில், முன்னால் பிறந்தது தங்காத வீடுகளில் அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைப்பார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. அதைச் செல்லமாகக்கூடச் சுருக்கிக் கூப்பிடக் கூடாது. தெருக்கோடியில் நிற்பவளைக் கூப்பிட்டாலும் முழுப்பெயரையும் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயரைச் சுருக்கினால் ஆயுளும் சுருங்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை.

அப்பா வீட்டுக்கு வந்து அர்த்தத்தைச் சொன்னார். நிபந்தனையை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். ஏற்கெனவே மகன் இருந்தான். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஐந்தெழுத்துப் பெயர், அந்தத் தெருவின் வாயில் நுழையாத பெயர். அம்மா அதை முதல் இரண்டு எழுத்தாக நறுக்கிக்கொண்டாள். மகனும் அப்படியே கூப்பிட்டான். மூன்று வயது முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் அந்தப் பெண் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் இன்னொரு பெண் பிறந்தது. அப்பா பிடிவாதமாக அதே பெயரை வைத்தார். “பேர் மேல குத்தம் இல்ல. நாமதான் குறைச்சுட்டோம்” என்றாராம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு அது தீர்ப்பாகக் காதில் விழுந்தது. அந்தப் பெயரைச் சுருக்கிச் சொல்ல அவளுக்குப் பயம். முழுதாகச் சொல்லவோ நா எழவில்லை. தொட்டிலைக் காட்டி, “புதுசு அழுவுது பாரு” என்றாள். அதுவே நிலைத்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், முட்டி வலியோடும் வெள்ளை முடியோடும், அவள் இன்னும் புதுசு.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் வாத்தியார் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். அது செத்துப்போன அக்காவின் பெயர் என்று அவளுக்குத் தெரியும். அக்கா எப்படி வருவாள்? பக்கத்துப் பெண்தான் இடித்து, “உன்னத்தான்டி” என்றாள். வாத்தியார் காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

கல்யாணமானபின் மாறும் என்று நினைத்திருந்தாள். புருஷன் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கெட்டவர் இல்லை. அவளை “இங்க பாரு” என்று கூப்பிடுவார். சமையலறையில் இருந்தாலும் இங்க பாரு, குளியலறையில் இருந்தாலும் இங்க பாரு. பெயர் சொல்லித்தான் கூப்பிடுங்களேன் என்று ஒருமுறை கேட்டாள். அவர் உண்மையாகவே முயற்சி செய்தார். இரண்டு நாள் அவளைக் கூப்பிடவே கூப்பிடாமல், தேவையானதை எல்லாம் தானே எழுந்து எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பாவமாக இருந்தது. “சரி, இங்க பாருன்னே சொல்லுங்க” என்று அவளே விட்டுக்கொடுத்தாள். குழந்தைகள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபிறகு அந்த ஓரறை வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

மிச்சமிருந்தது அண்ணன். வேறொரு ஊரில் மகள் வீட்டோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவார். “புதுசு, சாப்பிட்டியா?” என்று தொடங்கி, மழை, மருந்து, மாப்பிள்ளையின் குறட்டை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து வைத்துவிடுவார். உலகத்தில் புதுசு என்று கூப்பிடவும் இப்போது அவர் ஒருவர்தான். அவள் அவரிடம் வேறொன்றை எதிர்பார்த்தாள். கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற சாமானா அது? தன்னை ஒருமுறை, ஒரே ஒரு முறை, வைத்த பெயரைச் சொல்லி அவர் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அவர் வாயால் வந்தால்தான் அந்தப் பெயர் அக்காவிடமிருந்து தன்னிடம் வந்து சேரும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

முட்டி ஒத்துழைக்காமல் போகவே, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள். நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். உட்கார்ந்து எழுதினால் எழுத்தும் உட்கார்ந்துவிடும் என்றாள். கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணுக்கு எழுத்து நன்றாக வருகிறது, அவள் பார்த்துக்கொள்வாள்.

கடைசி நாளன்று மத்தியானம் மாஸ்டர் ஒரு கேக்கைக் கொண்டுவந்து சுற்றும் தட்டில் வைத்தார். வெள்ளைக் கிரீம், ஓரத்தில் அவர் தாராளமாகவே வைத்த பூக்கள், நடுவில் வெற்றிடம்.

“யாருக்கு?” என்றாள்.

“உங்களுக்குத்தான். சாயங்காலம் வெட்டுறோம்.”

அப்போதுதான் அந்தச் சிக்கல் எல்லோருக்கும் உறைத்தது. எழுத முன்வந்த கவுன்ட்டர்ப் பெண், அக்காவின் பெயர் என்ன என்று மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் ‘கேக் அக்கா’ என்று இருந்தது. சம்பளம் கொடுப்பதெல்லாம் தன் அப்பா காலத்திலிருந்தே ரொக்கமாகக் கையில்தான் என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

“நீங்களே எழுதிருங்கக்கா,” என்றார் மாஸ்டர். “வேற யாரு எழுதினாலும் சுழி சரியில்லன்னு சொல்லுவீங்க. சொந்த விசேஷத்துல எதுக்குச் சண்டை.”

அவள் கோனை எடுத்தாள். நுனியை வெட்டினாள். கை நின்றுவிட்டது. அந்தப் பெயருக்கு யாரும் கேக் வாங்க வந்ததே இல்லை. எத்தனையோ ஆயிரம் பெயர்களை எழுதிய கைக்கு அந்த ஐந்தெழுத்து மட்டும் பழக்கமில்லை.

“யாராவது சொல்லணும்,” என்றாள். “கேட்டாத்தான் எழுத வரும்.”

“நீங்களே சொல்லிக்கோங்களேன்,” என்றாள் கவுன்ட்டர்ப் பெண்.

“எழுதுறவ சொல்லக் கூடாது.”

இது என்ன புதுச் சட்டம் என்று மாஸ்டர் சிரித்தார். அவள் கோனை ஈரத்துணியின் மேல் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு, மாவு மூட்டைகள் அடுக்கிய இடுக்குக்குப் போனாள். ஞாயிறல்லாத நாளில் அவள் பேசியதில்லை. அண்ணன் பதறிக்கொண்டுதான் எடுத்தார்.

“என்ன புதுசு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லண்ணா. ஒரு கேக்குக்குப் பேர் வேணும்.”

“யாருக்கு?”

“எனக்கு. இன்னைக்கோட வேலை முடியுது. பேரைச் சொல்லு, எழுதணும்.”

“உன் பேரு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். வேற ஆள் சொல்லிக் கேட்டாத்தான் எழுதுவேன். இங்க என் பேர் தெரிஞ்ச ஆள் இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசிலடித்தது. அவர் தள்ளி வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. கதவு சாத்தப்பட்டது. தொண்டையைச் செருமினார். பிறகு, அவள் அறுபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்தது வந்தது. முதல் இரண்டு எழுத்து மட்டும்.

அது எழுபது வயதுக்காரரின் குரலே அல்ல. தெருவில் விளையாடுகிற தங்கையை, அம்மா கூப்பிடுகிறாள் வா என்று அழைக்கிற குரல். சொன்னவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். “இல்ல... அது வந்து...” என்று நிறுத்திக்கொண்டார். மூச்சு வாங்குவது கேட்டது.

அவள் மூட்டையின் தையலை நகத்தால் நிரடிக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்லண்ணா,” என்றாள். “அது அவ. எனக்கு முழுசாச் சொல்லு.”

“அம்மா சொன்னதே இல்லையே புதுசு. எனக்கும் வாய் வரல. சொன்னா உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு...”

“முழுசாச் சொன்னா ஒண்ணும் ஆகாது. சுருக்கினாத்தான். எனக்கு இனிமே சுருங்குறதுக்கும் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. சொல்லு.”

அவர் சொன்னார். வழுக்குப் பாறையில் கால் வைப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக ஊன்றி, ஐந்தையும் சொன்னார். தைத்து முடித்து ஒருமுறைகூடப் போடாமல், குண்டூசியோடு மடித்து வைத்த சட்டையை உதறியதுபோல் இருந்தது அவளுக்கு. அக்காவை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு எப்போதும் இரண்டெழுத்துதான். மிச்சத்தை யாரும் தொடவே இல்லை.

“இன்னொரு தடவை,” என்றாள்.

“எதுக்கு?”

“ரெண்டு தடவை கேட்டுத்தான் எழுதுவேன்.”

“உன் கடையும் உன் சட்டமும்,” என்றார். ஆனால் சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சாதாரணமாக வந்தது. கவுன்ட்டரில் நிற்கிறவர்கள் சொல்வதுபோல.

அவள் உள்ளே போய் ஒரே மூச்சில் எழுதினாள். மூன்றாவது எழுத்தின் சுழி சற்றுப் பெரிதாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கவுன்ட்டர்ப் பெண் அதை உரக்கப் படித்தாள், நடுவில் தடுக்கினாள். “இதுவா உங்க பேரு? இவ்வளவு நாளா சொல்லவே இல்லையேக்கா.” என்ன அர்த்தம் என்று முதலாளி கேட்டார். சொன்னாள். பொருத்தமான பெயர் என்று எல்லோரும் கைதட்டினார்கள். “சரி, கத்தியைப் பிடிங்கக்கா,” என்றார் மாஸ்டர். பெயரை வெட்டக் கூடாது என்பதும் அவள் வைத்திருந்த வழக்கம்தான். எழுத்துக்குக் கீழே வெட்டிப் பங்கு வைத்தார்கள். பெயர் இருக்கும் துண்டு பெயருக்குரியவருக்கு. அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். ஏழெட்டு முறை அக்கா, அக்கா என்று சொல்லி வழியனுப்பினார்கள்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது வெக்கைக்கு எழுத்துகள் லேசாகச் சரிந்திருந்தன. குளிர்பெட்டி இல்லாத வீடு. வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து தின்னத் தொடங்கினாள். முதல் இரண்டு எழுத்து மிஞ்சியபோது வயிறு நிறைந்துவிட்டது. அதை மட்டும் மூடிவைக்க மனம் வரவில்லை. அதையும் தின்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதன்பின் வந்த நாட்களில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் நேரம் புதிதாகத் தெரிந்தது. ஒருமுறை தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். எழுதுகிற குரலாகத்தான் இருந்தது, கூப்பிடுகிற குரலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு முன்பே குளித்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, அவர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் அண்ணன் வாயைத் திறந்து மூடுவதுபோல் ஒரு சத்தம். ஓர் எழுத்தின் தொடக்கம் போலவும் இருந்தது, இருமல் போலவும் இருந்தது.

“புதுசு,” என்றார் கடைசியில். “இருக்கியா?”

அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

“இருக்கேண்ணா,” என்றாள்.