சொட்டு மருந்துக்கு அடங்காத பூஞ்சை

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை எழுந்து ஓடத் தோதாக வைத்திருப்பார். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரிக் காடு. பாதி சோளம், பாதி மிளகாய். அந்தத் தை மாதம் சோளம் அறுக்கும்போது தோகை ஒன்று அவருடைய வலது கண்ணில் அடித்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றடம் கொடுத்தேன். "தூசிதான், விடு" என்று அரிவாளை மறுபடி எடுத்தார்.

கண் சிவந்து நீர் வடிந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டதும் சிவப்பு குறைந்தது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நாளில் கருவிழியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வெளிச்சம் பட்டாலே கூசியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

அருப்புக்கோட்டைக் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். நாங்கள் கொண்டுபோன பாட்டிலை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். "இது செவப்ப மட்டும் மறைக்கிற மருந்து. உள்ள பூஞ்சை வளந்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, புண்ணைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். அது என் வேலை. விட்டு முடித்த உடனேயே அடுத்த வேளைக்குக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். புள்ளி சிறுத்திருக்கிறதா என்று இமையை விலக்கி விலக்கிப் பார்ப்பேன். காலையில் சிறுத்த மாதிரி இருக்கும். மதியம் பெருத்த மாதிரி இருக்கும். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. மருந்தை மாற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை.

சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "பழைய ரொட்டியில பூக்குது பாருங்க, அந்த மாதிரி ஒண்ணுதான் கண்ணுல வளருது. அதைத் தனியா வளத்து, மருந்து போட்டுப் பாத்தோம். நாங்க குடுத்த ரெண்டையும் அது சட்டையே பண்ணல."

"நான் இந்த மருந்த முன்னப்பின்ன போட்டதே இல்லையே" என்றார் அவர்.

"நீங்க போடாட்டியும் அந்தப் பூஞ்சை இந்த மாதிரி மருந்த முன்னமே பாத்திருக்கலாம். காட்டுல என்ன அடிக்கிறீங்க?"

மிளகாய்ப் பழம் அழுகாமல் இருக்க அடிக்கிற மருந்தின் பெயரை அவர் சொன்னார்.

"அதுவும் நாங்க ரெண்டாவதாக் குடுத்ததும் ஒரே வகை. மண்ணுல இருக்கிற பூஞ்சை அதுல பொழச்சுக்கிட்டா, இதுலயும் பொழச்சுக்கும். ஆனா உங்க காட்டுலதான் அப்படி ஆச்சுன்னு நான் சொல்லல. எங்க வேணா ஆகியிருக்கலாம்."

நான் சாப்பாடு வாங்கி வருவதற்குள் கட்டில் காலியாகியிருந்தது. நர்ஸுக்கும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அருப்புக்கோட்டை பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறீக?"

"காட்டுக்கு. மொளகாய்க்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லணும்."

"போன்ல சொன்னா ஆகாதா?"

"படுத்துக் கெடக்க முடியல. கண்ணுக்குள்ள அது ஊர்ற மாதிரியே இருக்கு. எங்கிட்டாச்சும் போய்க்கிட்டே இருந்தாத் தேவலன்னு தோணுது."

"எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளுதா?" என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதுமுன் அவராகவே எழுந்து இறங்கினார்.

கருவிழிக்குள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். புண் ஓரத்தை நோக்கிப் பரவியது. கடைசியில் அந்தக் கருவிழியை எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்ததை வைத்துத் தைத்தார்கள். கண் தப்பியது. பார்வை முழுசாக வரவில்லை. அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது.

போன வருஷம் மிளகாயில் மறுபடி அழுகல் விழுந்தது. அழுகின பழங்களை நாங்கள் பொறுக்கிக் குழியில் போட்டோம். அப்படியும் நிற்கவில்லை. விவசாய ஆபீஸில் கேட்டு, வேறு வகை மருந்தாக ஒரே தரம் அடித்தோம். அன்று காற்று எழும்பி, பக்கத்துக் காட்டுக்காரர் அடித்த மருந்தின் வாடை எங்கள் வரப்பைத் தாண்டி வந்தது. நாங்கள் முன்பு அடித்த அதே மருந்து. இவர் வரப்பு நெடுக நடந்தார்.

"அவுககிட்டச் சொல்லிப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"சொல்லாம? என்னன்னு ஆரம்பிக்கன்னுதான் யோசிக்கேன்" என்றபடி அந்தக் காட்டுக்குள் இறங்கினார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன்.