சேர்ந்து புரண்ட தாள்கள்

என் பெரியப்பா முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். வயோலா என்பது வயலினுக்கு அக்கா மாதிரி. கொஞ்சம் பெரிது, குரல் கனம், யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரியப்பாவும் அந்த ரகம்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். தங்கமான மனுஷன் என்று சொல்லாத ஆள் கிடையாது. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அவர் வாசித்து வெளியுலகம் கேட்டது என்றால் ஒரே ஒரு இசைத்தட்டு. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, தோள் வரை முடி வளர்த்த ஐந்து ராக் பையன்கள் இருபது நிமிடம் ஓடும் ஒரே பாட்டை எழுதிக்கொண்டு வந்தார்கள். பின்னணிக்கு இந்த இசைக்குழுவின் அறுபது பேரை அமர்த்தினார்கள். தாளம் ஏழிலிருந்து பதினொன்றுக்குத் தாவும், திரும்பி ஐந்துக்கு வரும். கோட்டு போட்ட பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசித்தார்களாம். ஆல்பம் விற்றுத் தள்ளியது. ஆனால் பெரியப்பா வீட்டில் அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது.

போன மாதம் அதை மறுபடி வெளியிட்டார்கள். கனமான அட்டைப்பெட்டி, உள்ளே இரண்டு சிடி. முதலாவதில் பழைய ஆல்பம். இரண்டாவதில் கிதார், டிரம்ஸ், பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இசைக்குழு வாசித்ததை மட்டும் போட்டிருந்தார்கள். அரங்கத்தின் சின்னச் சின்னச் சத்தங்களையும் அப்படியே விட்டிருப்பதாக உள்ளே இருந்த குறிப்பில் பெருமை வேறு. பெரியப்பாவின் எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தேன். எனக்கு எதற்கு அந்த வேண்டாத வேலை என்று இப்போது தோன்றுகிறது.

அன்று காலையே இரண்டாவது சிடியைப் போட்டேன். நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ இருமினார்கள், நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு வயோலா மட்டும் மெதுவாக வாசிக்கும் இடம் வந்தது. இசைக்குறிப்புத் தாள் புரளும் சத்தம். உடனே வயோலா சம்பந்தமே இல்லாமல் வேறு எங்கோ போனது. ஒரு ஆண் குரல் கிசுகிசுத்தது: "ரெண்டு தாள் சேர்ந்து போயிடுச்சு, திருப்பு." அதை ஒட்டியே இன்னொரு குரல்: "பேசாம வாசி."

நான் சிரித்துவிட்டேன். "பெரியப்பா, ரெண்டாவது உங்க குரல்தானே?"

"நிறுத்தும்மா," என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

பிறகு சொன்னார். வயோலா வாசிப்பவர்களில் இரண்டு பேருக்குக் குறிப்புத் தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு. வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிக்க, உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்ப வேண்டும். வெளிப்பக்கம் முதல் நாற்காலியில், அதாவது வயோலாக்காரர்களின் தலைவர் இடத்தில், இருந்தவர் நெட்டை. ஆறடிக்கு மேல் இருந்ததால் அந்தப் பெயர். பக்கத்தில் பெரியப்பா. அன்று வியர்த்த கையில் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. நெட்டை கண்முன் இருந்ததை வாசித்தார். அரங்கத்தை விட வேண்டிய நேரம் வந்துவிட்டதால் மறுபடி பதிய முடியவில்லை. ராக் பையன்கள் அந்த இடத்தில் டிரம்ஸை ஏற்றி மூடிவிட்டார்கள். குழுவை நடத்திய மாஸ்டர் கொதித்துப்போனார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தாள் திருப்பிவிட்டார் என்று நெட்டை உள்ளதைச் சொன்னார். மாஸ்டர் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் ஒரு தாள்தான் சார் திருப்பினேன்னு சொன்னேன்," என்றார் பெரியப்பா. "அதோட விட்டிருக்கலாம். கொஞ்ச நாளாவே அவருக்குக் கவனம் சரியில்லைன்னும் சொல்லிட்டேன்."

அந்த வாரமே நெட்டையை அனுப்பிவிட்டார்கள். கவனம் சரியில்லாத ஆள் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றது, வேறு எந்தக் குழுவும் சேர்க்கவில்லை. கடைசிவரை ஒரு மெத்தைக் கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்து, மூன்று வருடம் முன்பு செத்துப்போனார். அவருடைய முதல் நாற்காலியில் பெரியப்பா இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பெரியப்பா சொல்லவே இல்ல?"

"மொதல்ல பயம். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நாற்காலி பழகிப்போச்சு."

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பேப்பர் படிக்கும்போது ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாரே, அதைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியிருக்கிறேன். ரொம்ப நேரம் கழித்துப் பெரியப்பா, நெட்டையின் மனைவி வீட்டுக்குத் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். "அவங்களுக்கு விஷயம் தெரியும். புருஷன் சொல்லாமலா இருந்திருப்பாரு? என் வாயால ஒரு தடவை கேட்டா ஆறுதலா இருக்கும்." யாருக்கு ஆறுதல் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போனோம். மூன்றாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை வீடு. வயோலா பெட்டி அலமாரிக்கு மேலே கிடந்தது. அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுதா இப்பவாவது?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியப்பா உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போனில் ஏற்றி வைத்திருந்ததைப் போட்டேன்.

"அவரு குரல்," என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை குரலை விட்டு வார்த்தையைக் கேட்டார்.

"அண்ணே, அப்ப அவரு சொன்னது உண்மைதானா?"

"உண்மைதாம்மா. நான்தான் திருப்பினேன். பொய் சொல்லிட்டேன்." பெரியப்பா திகைத்துப்போயிருந்தார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நீங்க எங்க புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவரு. நீங்க வந்தா அவரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, செஞ்ச தப்பை அவர் தலையில கட்டாதீங்கன்னு நான்தான் சத்தம் போடுவேன். புள்ளைங்க எதிர்லயே." அந்த அம்மா அழவில்லை. "கடைசி நாள்ல கேட்டாரு, இப்பவாவது நம்புறியான்னு. பேசாம தூங்குங்கன்னேன்."

பெரியப்பா எழுந்து கை கூப்பினார். அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு பேசறதை மட்டும் போடும்மா. அடுத்த குரல் வேண்டாம்."

நானும் எவ்வளவோ பார்த்தேன். இரண்டு குரலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. எத்தனை சீக்கிரம் நிறுத்தினாலும் பெரியப்பாவின் 'பேசாம' வந்து விழுந்துகொண்டே இருந்தது.